இதய உறை இறுகிவிட்டது என்கிறார்கள், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

அப்பாவுக்கு 56 வயது, இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகிவிட்டது, நெஞ்சைத் திறந்து உரித்தெடுக்க வேண்டும் என்கிறார்கள், மாத்திரையில் சரியாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரருக்கு 2018இல் இதே ஆபரேஷன் நடந்தது. அப்போது அவருக்கு 41 வயது. நான் டாக்டர் இல்லை. ஈரோடு பக்கம் தறி ஓட்டுகிற குடும்பம். "டாக்டர் சொல்வதைக் கேட்காமல் இங்கே வந்து ஏன் கேட்கிறீர்கள்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். டாக்டர் சொன்னதைப் புரிந்துகொள்ளவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, எனக்கு அன்று அப்படி யாரும் இல்லை.

அவருக்கு முதலில் வீங்கியது வயிறுதான். கால் வீக்கம் அப்புறம்தான் வந்தது, அதுவும் கொஞ்சம். வயிறு மட்டும் பானை மாதிரி ஆகி, லுங்கி இடுப்பில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். கை, தோள் எல்லாம் வற்றிப்போனது. ஸ்கேனில் கல்லீரல் பெரிதாக இருக்கிறது, வயிற்றில் நீர் இருக்கிறது என்று வந்தது. "குடிப்பீங்களா?" இதுதான் முதல் கேள்வி. அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. இல்லை என்று சொன்னால் டாக்டர் என் முகத்தைப் பார்ப்பார். நானும் இல்லை என்பேன். "எப்போதாவது?" என்று அடுத்த கேள்வி வரும்.

ஒன்றரை வருடம் இப்படியே போனது. சொந்தத்தில் யாரும் நோயைப் பற்றிப் பேசவில்லை, குடியைப் பற்றித்தான் பேசினார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். என் மாமியார் தினமும் காலையில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மூன்று முறை ஊசி போட்டு வயிற்று நீரை எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் நான்கு லிட்டருக்கு மேல். பத்து பதினைந்து நாளில் மறுபடியும் கோத்துக்கொள்ளும்.

கண்டுபிடித்தது நான்காவது ஆஸ்பத்திரியில், இரவு டியூட்டியில் இருந்த ஒரு இளம் பெண் டாக்டர். கட்டிலைப் பாதி நிமிர்த்தி அவரைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். டார்ச்சைக் கழுத்தின் பக்கவாட்டில் அடித்து, மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கச் சொன்னார். காதுக்குக் கீழே கழுத்து ரத்தக்குழாய் புடைத்து மேலே ஏறியது. "மூச்சு இழுத்தா இது அடங்கணும், இவருக்கு ஏறுது. இது கல்லீரல் இல்லம்மா, இதயம்" என்றார். குஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர் 1873இலேயே எழுதிவைத்த அறிகுறி இது என்று பின்னாளில் தெரிந்தது. செலவே இல்லாத பரிசோதனை. முன்பு பார்த்தவர்களை மொத்தமாகக் குறை சொல்ல நான் வரவில்லை, கூட்டம் அப்படி. ஆனால் கழுத்தை ஒருவர் பார்த்திருந்தால் போதும் என்ற எண்ணம் இன்றுவரை எனக்குப் போகவில்லை.

முன்பே ஒரு எக்கோ எடுத்திருந்தோம். இதயம் 60 சதவீதம் நன்றாகச் சுருங்குகிறது, நார்மல் என்று எழுதியிருந்தார்கள். அது பொய் இல்லை. இந்த நோயில் சுருங்குவதில் குறை இருக்காது, விரிவதில்தான் குறை. உறை ஓடு மாதிரி ஆகிவிட்டதால் இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது. வாங்க முடியாத ரத்தம் பின்னால் தேங்கிக் கல்லீரலையும் வயிற்றையும் நிரப்புகிறது. எடுத்த வயிற்று நீரில் புரதம் அதிகமாக இருந்ததும் ஒரு தடயமாம். கல்லீரல் சுருங்கி வருகிற நீரில் பெரும்பாலும் புரதம் குறைவாகத்தான் இருக்குமாம். அந்த ரிப்போர்ட் ஒரு வருடமாக எங்கள் பீரோவில்தான் இருந்தது.

சிடி ஸ்கேனில் உறையின் தடிமன் 7 மில்லிமீட்டர், நடுநடுவே சுண்ணாம்பு படிந்திருந்தது. சாதாரணமாக 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காரணம் காசநோய். இருபது வயதில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை மூன்று மாதத்தில், உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தியிருக்கிறார். நம் நாட்டில் இந்த நோய்க்கு டிபிதான் முக்கியக் காரணம் என்று சர்ஜன் சொன்னார். வெளிநாடுகளில் நெஞ்சில் ரேடியேஷன் வைத்தவர்களுக்கும், இதய ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வருகிறதாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையில் சரியாவதும் உண்டு. உறை புதிதாக அழற்சியில் இருந்தால், சுண்ணாம்பு படியாமல் இருந்தால், மருந்து கொடுத்து இரண்டு மூன்று மாதம் பார்ப்பார்கள். டிபி இப்போதும் இருக்கிறது என்றால் அதற்கான மருந்தை ஆரம்பித்து, நான்கு முதல் எட்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் போவார்கள். ஆனால் ஓடாக இறுகிப்போனதை எந்த மாத்திரையும் கரைக்காது. நீர் போகிற மாத்திரை வீக்கத்தைத்தான் குறைக்கும். தள்ளிப்போடப் போட இதயத் தசையும் கல்லீரலும் கெட்டு, ஆபரேஷனின் ஆபத்து ஏறும். எங்களிடம் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர் பிழைப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். சோதனை ஆபரேஷனோ என்று பயப்படாதீர்கள். ரேன், சாவர்புருக் என்ற இரண்டு ஜெர்மன் சர்ஜன்கள் 1913 வாக்கிலேயே செய்தது இது.

பணத்துக்கு ஒரு தறியை விற்றோம். வாங்கியவர் எங்கள் பங்காளி. அவசரம் தெரிந்துகொண்டு பாதி விலைக்குக் கேட்டார், அதையும் இரண்டு தவணையாகக் கொடுத்தார். குடிகாரன் என்று பந்தியில் சொன்ன வாயும் அதே வாய்தான். ஆபரேஷன் முடிந்து பார்க்க வந்தபோது ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார், அந்தப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் மூச்சுக்கான நரம்பு ஓடுகிற இடம் வரை உறையை உரித்தார்கள். முதலில் இடது பக்கத்தை விடுவிக்க வேண்டுமாம். வலது பக்கத்தை முதலில் திறந்தால் நுரையீரலுக்குள் ரத்தம் பாயும், அதை வாங்கித் தள்ள இடது பக்கத்தால் முடியாது. இதயம், நுரையீரல் வேலையைச் செய்கிற ஹார்ட் லங் மெஷினைத் தயாராக வைத்திருந்தார்கள், தேவைப்படவில்லை. தசையோடு ஒட்டிப்போன ஓரிரு இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள், பிய்த்தால் இதயம் கிழியும். பயாப்ஸிக்கு அனுப்பும் முன் பாட்டிலில் இருந்ததை எனக்குக் காட்டினார்கள். உடைத்த கொட்டாங்குச்சித் துண்டுகள் போல இருந்தது. நர்ஸ் பாட்டிலைச் சாய்த்தபோது கண்ணாடியில் பட்டு டக்கென்று சத்தம் வந்தது. உடம்புக்குள் இருந்த ஒன்று அப்படிச் சத்தம் போடும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஐசியுவில் ஆறு நாள். இத்தனை வருடம் இறுக்கத்திலேயே இருந்த தசை உடனே பழைய பலத்துக்கு வராது, அதனால் இதயத்துக்குப் பலம் கொடுக்கிற மருந்தை நான்கு நாள் ஏற்றினார்கள். அந்த நாட்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். முதல் நாளே கட்டிலில் மாட்டியிருந்த சிறுநீர்ப் பை நிரம்பி நிரம்பிக் காலி செய்தார்கள், மூன்று லிட்டருக்கு மேல். டிபி மருந்தை முழுதாக முடிக்கச் சொன்னார்கள். இந்த முறை ஒரு வேளைகூடத் தவறாமல் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். வயிறு முழுதாக வற்ற நான்கு மாதம் ஆனது. இப்போது தறிக்குப் போகிறார், எடை தூக்க மட்டும் நான் விடுவதில்லை.

ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முன் சர்ஜனிடம் கேளுங்கள்: சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, டிபி இப்போது இருக்கிறதா, இந்த ஆபரேஷனை அவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார். கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், எங்கள் சர்ஜன் கோபப்படாமல் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு எலும்பு கூடும் வரை, ஆறு எட்டு வாரம், அப்பா மல்லாந்துதான் படுக்க வேண்டியிருக்கும். கட்டிலிலிருந்து கையை ஊன்றி எழ விடாதீர்கள், முதுகில் கைகொடுத்துத் தூக்குங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி பாதியாகக் குறையும்.