கரி அடுப்பில் பிளந்த பீட்சா கல்: விற்றவர் மீது வழக்குத் தொடரலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கரி பார்பெக்யூ அடுப்பில் பயன்படுத்துவதற்காகப் பீட்சா கல் (பீட்சாவை மேலே வைத்துச் சுடும் தட்டையான கல்) ஒன்று வாங்கினேன். "நன்றாகச் சூடு தாங்குமா?" என்று கேட்டதற்கு, "எவ்வளவு சூட்டையும் தாங்கும்" என்றார் கடைக்காரர். விருந்தன்று மதியம் கல்லைக் கழுவி வைத்தேன். மாலையில் கரி நன்றாகச் சிவந்ததும் தணலுக்கு நேர் மேலே வைத்தேன். சில நிமிடங்களில் கல் வெடித்துப் பிளந்தது. தெறித்த சில்லு பட்டு என் மைத்துனரின் கை கொப்பளித்துவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில் எனக்குப் பெருத்த அவமானம். கடைக்காரரோ கல்லின் விலையை மட்டும் தருவதாக அலட்சியமாகச் சொல்கிறார். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: விருந்து கெட்டதையும், அவமானத்தையும், கடைக்காரர் பேசிய தோரணையையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்திற்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: கல் கரி அடுப்பில் ஏறப்போகிறது என்பதை வாங்குமுன் விற்பவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை. சூடு தாங்குமா என்று மட்டுமே கேட்டிருக்கிறீர்கள்.

1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பொருள் விற்பனைச் சட்டத்தின் வழிவந்த சட்டங்களில், பொருள் ஒரு குறிப்பிட்ட பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய பொறுப்பு விற்பவர் மேல் விழுவது, அந்தப் பயன் அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால்தான். 1903இல் வெந்நீர்ப் பை வெடித்த வழக்கில் வாங்கியவர் வென்றார். வெந்நீர்ப் பை எதற்கு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1939இல் மேல்கோட்டு அணிந்து தோல் அழற்சி கண்ட பெண் தோற்றார். தமது தோல் வழக்கத்துக்கு மாறாகக் கூருணர்ச்சி உடையது என்பதை அவர் விற்றவரிடம் சொல்லியிருக்கவில்லை. பீட்சா கற்கள் பெரும்பாலும் வீட்டு ஓவனுக்கென்றே விற்கப்படுகின்றன என்பதால், எதிர்த்தரப்பு உங்களை இரண்டாவது வழக்கின் வரிசையில்தான் நிறுத்தும்.

"எவ்வளவு சூட்டையும் தாங்கும்" என்ற வாக்கு கையில் இருக்கிறதே என்பீர்கள். அது வாய்மொழி என்பது ஒருபுறமிருக்க, நிரூபித்தாலும் அதிகம் உதவாது. கல் உடைவது பெரும்பாலும் சூட்டின் அளவால் அன்று; கல்லின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைவிட மிக விரைவாகச் சூடேறி, சீரில்லாமல் விரிவடைவதால். ஓவனில் சூடு மெல்ல, சுற்றிலும் பரவுகிறது. கரியிலோ தணல் குவிந்த இடத்துக்கு நேர் மேலே உள்ள பகுதி தகிக்கும்போது விளிம்பு அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருக்கும். அடுப்பு மூடியில் உள்ள வெப்பமானி மூடியருகே உள்ள காற்றின் சூட்டைக் காட்டுமே தவிர, கல்லின் அடிப்பக்கத்தைக் காட்டாது. கல் நீரை உறிஞ்சும் பொருள். மதியம் கழுவியது மாலைக்குள் உட்புறம் வரை உலர்ந்தது என்று உங்களால் சத்தியம் செய்ய முடியாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியானாலும் கல் பிளக்கும்.

கட்சிக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். கோபத்தில் அவர்கள் எழுதும் முதல் புகாரிலேயே நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். "மதியம் கழுவி வைத்தேன்", "சிவந்த தணலுக்கு நேர் மேலே வைத்தேன்" என்ற உங்கள் இரண்டு தொடர்களும் கடைக்காரருக்குப் போன கடிதத்தில் இருந்தால், அவருடைய வழக்கறிஞருக்கு வேறு சாட்சி தேவையில்லை. உங்கள் கையெழுத்தே ஒப்புதலாக நிற்கும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. கேட்கப்பட்டால் உள்ளதை உள்ளபடியே சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும்போது நிற்காத வழக்கைத் தொடுக்காதீர்கள் என்கிறேன். இன்னும் சிலர் உடைந்த துண்டுகளைத் தேய்த்துக் கழுவிப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கரிப்புகை எங்கே படிந்திருந்தது, விரிசல் எங்கே தொடங்கியது என்பதைக் காட்டும் தடயம் அத்தோடு போய்விடுகிறது. வேறு சிலர் கடையை மோசடிக்காரர் என்று ஊரறிய எழுதி, தாங்களே அவதூறு வழக்கில் எதிர்த்தரப்பாகிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. காயம் உங்கள் மைத்துனருடையது. அதற்கான உரிமையும் அவருடையதே. கவனக்குறைவு என்று அவர் வழக்குக்குப் போனால் முதலில் கேள்வி கேட்கப்படுவது, கல்லைத் தணல்மேல் வைத்த உங்களிடம்தான். நீங்கள் தொடுக்கும் வழக்கில் பதிவாகும் ஒவ்வொரு சொல்லும் அங்கேயும் வந்து நிற்கும்.

ஆகவே விலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு சமரசமாகப் போங்கள். பெட்டியிலோ துண்டறிக்கையிலோ "கரி அடுப்புக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருந்தால் மட்டும் என் கருத்து மாறும். அப்படியிருந்தால் துண்டுகளையும் பெட்டியையும் தொடாமல் வைத்துவிட்டு வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். இல்லையெனில், ரசீதில் "கல்லின் விலை திரும்பப் பெறப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு வரி இருந்தாலும் நிதானமாகப் படியுங்கள். மைத்துனர் சார்பில் எதிலும் நீங்கள் கையெழுத்திடாதீர்கள்.

அடுத்த முறை கார்டியரைட் என்ற கனிமத்தால் செய்த கல்லைக் கேளுங்கள். சூட்டில் மிகக் குறைவாகவே விரிவடைவதால், மட்பாண்டச் சூளையில் கலன்களைத் தாங்கும் தட்டுகளுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். மெல்லியதும் மெருகூட்டியதும் வேண்டாம். அடுப்பின் கம்பித்தட்டைவிடச் சிறிதாக, சுற்றிலும் காற்று ஏற இடம் விடும் அளவில் இருக்கட்டும். இரும்புத் தகடு பிளக்காது; ஆனால் மேற்புறம் வேகுமுன் பீட்சாவின் அடி கருகிவிடும். எதை வாங்கினாலும், "மூடியுள்ள கரி பார்பெக்யூ அடுப்பில், கரியை ஓரங்களில் ஒதுக்கிவிட்டு, கல்லை அடுப்போடு சேர்த்தே சூடாக்கப் போகிறேன், இதற்கு ஏற்றதா?" என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கொடுங்கள்.