ஒப்புக்கொண்டவன் எல்லாம் செய்தவனா?

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் லாரி அட்டெண்டன். செம்பனைக் குலை திருடியதாகப் பிடிபட்டு, கோர்ட்டில் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டான். ‘மண்டோர் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன், மன்னித்துவிடுங்கள் துவான்’ என்று கெஞ்சியதால் அபராதத்தோடு விட்டார்களாம். இப்போது அவன் தாயார் வீடு வீடாக வந்து ‘என் பிள்ளை திருடவில்லை’ என்று அழுகிறார். செய்யாத தப்பை யாராவது ஒப்புக்கொள்வார்களா? இவனை இனியும் கோயில் கமிட்டியில் வைத்திருக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஒப்புக்கொள்வார்கள் ஐயா. அந்தப் பையன் கோர்ட்டில் சொன்னதை உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘மண்டோர் ஏற்றச் சொன்னார், ஏற்றினேன்.’ இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆவது பிரிவுப்படி, அடுத்தவர் பொருளை நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்தால்தான் அது திருட்டு. மண்டோர், அதாவது மேலே இருந்து வேலை வாங்குபவர், சொன்ன வேலையைச் செய்வதாக நினைத்துக் குலையை லாரியில் ஏற்றியவனுக்கு அந்த நோக்கம் ஏது? ‘நான் திருடவில்லை’ என்பதைத்தான் அவன் தனக்குத் தெரிந்த பேச்சில் சொல்லியிருக்கிறான். அவன் திருடவே இல்லை என்று நான் தீர்ப்பு எழுத வரவில்லை. அவன் சொன்னது ஒப்புதலே இல்லை என்கிறேன்.

இது என் சொந்தக் கருத்தும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவைப் பாருங்கள். ஒப்புதலைப் பதிவு செய்வதற்கு முன்னால், தான் எதை ஒப்புக்கொள்கிறோம், அதனால் என்ன விளையும் என்பது குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குப் புரிகிறதா என்று நீதிமன்றம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ‘ஆனால்’ எதுவும் போடாமல் முழுசாக ஒப்புக்கொள்கிறானா என்றும் பார்க்க வேண்டும். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும்போது அவன் வாயிலிருந்து குற்றத்தையே மறுக்கிற ஒரு வார்த்தை வந்தால், அந்த ஒப்புதலைத் தள்ளிவிட்டு வழக்கை விசாரணைக்குப் போடுவதுதான் முறை.

சரி, பிறகு ஏன் ஒப்புக்கொண்டான்? பிடிபட்ட நாளிலிருந்து யோசியுங்கள். இந்த மாதிரிக் குற்றத்துக்கு முதலில் நான்கு நாள், அப்புறம் மூன்று நாள் என்று ஏழு நாள் வரை ரிமாண்டில் வைக்கலாம். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவுப்படி ஏழு ஆண்டு வரை சிறை என்று யாரோ காதில் போட்டிருப்பார்கள். கோர்ட்டுக்குக் கொண்டுவருகிற காலையில் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையில் மாற்றுச் சட்டையோடு வராந்தாவில் நிற்பார். வழக்கை நடத்தப் போனால் ஜாமீன் பணம் கட்ட வேண்டும், ஜாமீன்தாரரும் வேண்டும். இரண்டும் இல்லாதவன் தேதி வரும்வரை சிறையில்தான் கிடக்க வேண்டும். விசாரணைத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்கிற வீட்டில் சில ஆயிரம் வெள்ளியை ஒரே நாளில் யார் புரட்டுவது? அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான், சொல்வார்: ‘தம்பி, ஒப்புக்கிட்டா ஃபைன்தான், இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்.’

மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசிப்பார். புரிகிறதா என்று கேட்பார். புரிகிறது என்று தலையாட்டுவான். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை, கணினிக் கணக்கில் பணம் குறைகிறது என்று காட்டி, அஞ்சல் நிலையம் நடத்தி வந்த 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை கொடுத்தார்கள். கோளாறு ஹொரைசன் என்ற அந்தக் கணினி அமைப்பில். அவர்களில் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். திருட்டு வழக்கைக் கைவிடுகிறோம், பொய்க் கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள் என்றதும், சிறைக்குப் பயந்து தலையாட்டியவர்களும் உண்டு. அவர்கள் படித்தவர்கள், ஆங்கிலம் பேசுகிறவர்கள், ஊரில் மதிப்போடு கடை நடத்தியவர்கள். கடைசியில் 2024இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. அவர்களுக்கே அந்த நிலை என்றால் ஒரு லாரி அட்டெண்டன் பையன் எம்மாத்திரம்?

அமெரிக்காவில் 1989க்கும் 2020க்கும் இடையே டி.என்.ஏ. சோதனையால் நிரபராதி என்று நிரூபணமானவர்கள் 375 பேர். அதில் 44 பேர் கொலை, கற்பழிப்பு போன்ற வழக்குகளில் தாங்களே ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவர்கள்.

கார்த்திகேசு வழக்கு நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1979இல் ஜீன் பெரேரா சின்னப்பா கொலையுண்டார். அந்த வழக்கில் விரிவுரையாளர் கார்த்திகேசுவுக்கு மறு ஆண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கடைசி வரை அவர் மறுத்தார். 1981இல், முக்கியச் சாட்சி தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதால் மேல்முறையீட்டில் விடுதலையானார். தூக்குமேடையின் நிழல் வரை போன அந்த மனிதருக்கு ஒரு வழி திறந்தே இருந்தது. ஏனென்றால் வழக்கு நடந்தது, சாட்சி பெயர் சொல்லிக் கூண்டில் ஏறினார், மேல்முறையீடு இருந்தது. உங்கள் தோட்டத்துப் பையனுக்கு இதில் எது கிடைத்தது? அந்த மண்டோரை யாராவது கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார்களா? ஒப்புக்கொண்டவன் வழக்கில் எந்தச் சாட்சியும் வருவதில்லை. யார் சொன்ன பொய்யும் சோதிக்கப்படுவதில்லை. மாஜிஸ்திரேட் முன் ஒப்புக்கொண்டவன் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆவது பிரிவு வேறு கதவைச் சாத்திவிடுகிறது. என் மனசைப் போட்டு அரிப்பது இதுதான். பெரிய வழக்கில் நடக்கும் தப்பு பத்திரிகையில் வரும், வழக்கறிஞர்கள் திரள்வார்கள். சின்னக் கோர்ட்டில் நடக்கும் தப்பு ரசீதோடு முடிந்துபோகிறது.

அபராதம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. அந்தப் பதிவு அவனோடு கூடவே வரும். போதைப்பொருள் உட்கொண்டதாக வரும் வழக்குகளில் இது இன்னும் மோசம். ‘ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்’ என்று இரண்டு தடவை ஒப்புக்கொண்டவன் மூன்றாம் தடவை அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39சி பிரிவில் மாட்டினால், குறைந்தது ஐந்து ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு.

எந்தப் பிள்ளையைப் பிடித்தாலும் குடும்பம் முதலில் செய்ய வேண்டியது வக்கீலைக் கேட்பது. உறவினரோடும் வக்கீலோடும் பேசும் உரிமையை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. ஒய்.பி.ஜி.கே. என்று சொல்லப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் மலேசியக் குடிமக்களுக்காக ரிமாண்ட் கட்டத்திலிருந்தே வக்கீலை அனுப்புகிறது. தோட்டத்திலேயே பிறந்து இன்னும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருப்பவர்களுக்கு இந்த உதவி இல்லை என்பது பெரிய அநியாயம். அவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இனி உங்கள் கமிட்டி விஷயம். அவனை நீக்கும் பேச்சை நிறுத்துங்கள். வழக்கு நடந்த கோர்ட்டில் அவன் வழக்குக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எனக்கு எழுதிய அந்த வாக்கியம் அதில் பதிவாகியிருந்தால், அதே நடைமுறைச் சட்டத்தின் 323ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றம் அந்தப் பதிவை வரவழைத்துச் சீராய்வு செய்யலாம். மேல்முறையீட்டு வழி அடைபட்டாலும் இந்த வழி இருக்கிறது. நாளைக் கடத்தினால் அதுவும் கடினமாகும். அந்தத் தாயாருக்கு மனு எழுதத் தெரியாது. உங்கள் கமிட்டியில் மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவர் இருப்பார். இந்த வாரமே அவரை அவர்களோடு வக்கீல் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.