'அட்மின்' பாஸ்வேர்ட் ஏன் கேட்கிறது? வீட்டுக் கொம்பியூட்டர் கேள்வி-பதில்

என்னுடைய கணக்கு அட்மின் (கொம்பியூட்டரில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள) கணக்குத்தான். பிறகு ஏன் எதை இன்ஸ்டோல் பண்ணினாலும் திரை மங்கலாகி 'யெஸ்', 'நோ' கேட்கிறது? இதை நிற்பாட்டலாமா? (செங்கலடி)

நிற்பாட்ட வேண்டாம். அட்மின் கணக்கில் நுழையும்போது விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் எழுதுகிறது. ஒன்று சாதாரணப் பயனருக்குரியது. மற்றது முழு அதிகாரம் உள்ளது. பிரவுசர், வேர்ட், பாட்டு, படம் எல்லாம் முதற் சீட்டோடுதான் ஓடுகின்றன. 'யெஸ்' அழுத்தினால் முழுச் சீட்டு அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் போகும். 2007இல் கடைக்கு வந்த விஸ்டா முதல் இதுதான் ஏற்பாடு. திரை மங்குவதற்கும் காரணம் உண்டு. அந்தப் பெட்டி தனித் திரையில் வருவதால், பின்னால் ஓடும் வேறு புரோகிராம் உங்களுக்காக 'யெஸ்' அழுத்த முடியாது. இந்தப் பெட்டி எப்போது வர வேண்டும் என்பதற்குக் கன்ட்ரோல் பெனலில் இருக்கும் அளவுகோலை ஆகக் கீழே இறக்கினால் பெட்டி வராது. ஆனால் அட்மின் கணக்கில் கேட்கிற எல்லாவற்றுக்கும் 'யெஸ்' தானாக விழும்.

பெட்டி வந்தவுடன் தயாரிப்பாளர் பெயரைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் 'அன்னோன்' என்று வந்தால், புரோகிராமில் தயாரிப்பாளரின் சரிபார்க்கப்பட்ட டிஜிட்டல் கையொப்பம் இல்லை என்று பொருள். உள்ளூரில் எழுதிய சிறு புரோகிராம்களுக்கும் அப்படி வரும், ஆகவே அதை வைத்தே வைரஸ் என்று சொல்ல முடியாது. நீங்கள் எதையும் தொடக்காத நேரத்தில் பெட்டி வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம்: 'நோ'.

இதைவிட நல்ல வழி, தினமும் பாவிக்கும் கணக்கை 'ஸ்டாண்டர்ட்' (சாதாரணப் பயனர்) கணக்காக்கி, அட்மினுக்கு வேறொரு கணக்கு வைத்திருப்பது. அப்போது 'யெஸ்' போதாது, பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும். அந்த ஐந்து விநாடித் தயக்கம் பெறுமதியானது.

கடைக் கணக்குப் புரோகிராமை வழக்கம்போலத் திறந்தால் சரியான இருப்பு வருகிறது. 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்தால் மூன்று மாதத்துக்கு முந்திய இருப்பு! தரவு பழுதாகிவிட்டதா? (காத்தான்குடி)

பழுதாகவில்லை. உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன.

பழைய 32-பிட் புரோகிராம்கள் பல, தங்கள் தரவுப் பைலை 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள்ளேயே எழுதப் பார்க்கும். சாதாரண அனுமதிக்கு அங்கே எழுத இடமில்லை. பிழை காட்டி நிறுத்தினால் புரோகிராம் ஓடாது என்பதால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தப் பைலின் பிரதியொன்றை உங்கள் கணக்குக்குள் 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'வேர்ச்சுவல்ஸ்டோர்' என்ற வழியில் வைத்து அதில் எழுதுகிறது. அட்மினாகத் திறந்தால் இந்தத் திருப்பிவிடல் நடக்காது. உண்மையான இடத்தில் இருக்கும் பழைய பைல் திறக்கும். மகன் தன் கணக்கில் பில் போட்டிருந்தால் மூன்றாவது பிரதியும் இருக்கும்.

முதலில் புரோகிராமை மூடி, எல்லாப் பிரதிகளையும் திகதி எழுதிய தனித்தனி போல்டர்களில் பென் டிரைவுக்கு எடுங்கள். 'ஆப்டேட்டா' மறைந்திருக்கும், 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' தெரிவுசெய்தால் தெரியும். பிறகு கடைசியாக எழுதப்பட்ட திகதியையும் பைலின் அளவையும் ஒப்பிடுங்கள். ஒரு பிரதியில் மட்டும் புதிய பில்கள் இருந்தால் அதுவே உங்கள் கணக்கு. இரண்டிலும் பில் போட்டிருந்தால் ஒன்றின் மேல் மற்றதைக் கொப்பி பண்ணிவிடாதீர்கள், ஒரு பக்கம் அழிந்துபோகும். குறைவான பில்கள் உள்ள பிரதியை அச்சடித்து, மற்றதில் கையால் பதிவதே வழி.

நிரந்தரத் தீர்வு, தரவை 'புரோகிராம் பைல்ஸுக்கு' வெளியே கொண்டுவருவது. புரோகிராமில் தரவு இடத்தை மாற்றும் வசதி இருந்தால் 'சி' டிரைவில் நேரடியாக ஒரு போல்டர் திறந்து அதைக் காட்டுங்கள். வசதி இல்லையென்றால் புரோகிராமையே அப்படியொரு போல்டரில் மறுபடி இன்ஸ்டோல் பண்ணலாம். எப்போதும் அட்மினாகத் திறந்து வேலை செய்வது தீர்வல்ல. மற்றக் கொம்பியூட்டரோடு இணைத்த நெட்வேர்க் டிரைவ் அந்த நிலையில் தெரியாமல் போவது வழக்கம்.

இன்னொன்று கட்டாயம் பாருங்கள்: இவ்வளவு நாளும் பெக்கப் எடுத்தது எந்தப் போல்டரை? 'புரோகிராம் பைல்ஸை' மட்டும் என்றால், பழைய கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சேமித்திருக்கிறீர்கள்.

மகனுக்கு ஸ்டாண்டர்ட் கணக்குத்தான் கொடுத்தேன். அப்படியிருந்தும் சில புரோகிராம்களை அவனே போட்டுவிட்டான். எப்படி? (களுவாஞ்சிக்குடி)

அவனுடைய சொந்தப் போல்டருக்குள் இறங்கும் புரோகிராம்களுக்கு அட்மின் தேவையில்லை. குரோம்கூட பாஸ்வேர்ட் கிடைக்காவிட்டால் அந்தக் கணக்குக்குள் மட்டும் இறங்கிக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் கணக்கு காப்பது விண்டோஸையும் மற்றவர்களின் பைல்களையும். விளையாட்டு நேரத்தைக் கட்டுப்படுத்த மைக்ரோசொப்ட் 'பெமிலி சேப்டி' வேறாக இருக்கிறது.

பாமினி எழுத்துருவைப் பாஸ்வேர்ட் இல்லாமலே போட்டேன். என் கணக்கில் கடிதம் சரியாக வருகிறது. தம்பியின் கணக்கில் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் குழம்பித் தெரிகிறது. (கல்முனை)

விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து எழுத்துருவை ஒருவர் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் செய்தது அதுதான். பைலில் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டோல் போர் ஓல் யூசர்ஸ்' தெரிவுசெய்து அட்மின் பாஸ்வேர்ட் கொடுங்கள். விண்டோஸ் 11இல் அது தெரியாவிட்டால் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' உள்ளே இருக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத இடத்தில் அடியிலுள்ள ஆங்கிலம் வெளியே தெரியும். புதிய கடிதங்களை யுனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை, விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துரு போதும்.

வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த லெப்டொப். அவருடைய மைக்ரோசொப்ட் கணக்குத்தான் அட்மின். எனக்கு ஸ்டாண்டர்ட். 'குவிக் அசிஸ்ட்' வழியாக அங்கிருந்து அவர் பார்க்கும்போது பாஸ்வேர்ட் பெட்டி வந்தால் அவருக்குத் திரை கறுப்பாகிறது. (அக்கரைப்பற்று)

பழுதல்ல, மேலே சொன்ன தனித் திரை அதுதான், தூரத்திலிருப்பவருக்குத் தெரியாது. பாஸ்வேர்டை உங்கள் பக்கத்தில்தான் அடிக்க வேண்டும். 'பின்' இலக்கம் வேறு, பாஸ்வேர்ட் வேறு என்பதையும் வாப்பாவிடம் சொல்லுங்கள். தினமும் 'பின்' அடிப்பவர்களுக்குப் பாஸ்வேர்ட் மறந்திருக்கும்.

அவர் தன் கணக்கின் பாஸ்வேர்டைத் தற்காலிகமான ஒன்றாக மாற்றி உங்களுக்குச் சொல்லட்டும். லெப்டொப் இன்டர்நெட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியதை ஏற்காது. கன்ட்ரோல் பெனலில் 'யூசர் அக்கவுண்ட்ஸ்', 'மேனேஜ் அனதர் அக்கவுண்ட்' போய் அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து, உங்கள் கணக்கை அட்மினாக்குங்கள். ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இனி செட்டிங்ஸில் 'அதர் யூசர்ஸ்' வழியாக மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாத புதிய கணக்கொன்றைத் திறந்து, அதையும் அட்மினாக்கி, பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி உம்மாவிடம் கொடுங்கள். அந்தக் கணக்கில் நுழைய முடிகிறது என்று பார்த்த பிறகே உங்களுடையதைத் திரும்ப ஸ்டாண்டர்ட் ஆக்க வேண்டும். வாப்பா தன் பாஸ்வேர்டை அன்றைக்கே மறுபடி மாற்றிவிடட்டும்.

வெள்ளத்தில் நனைந்த கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க்கை வேறொன்றில் மாட்டினேன். படங்கள் உள்ள போல்டர் 'அனுமதி இல்லை' என்கிறது. நான் அட்மின்தானே? (வாழைச்சேனை)

அந்தப் போல்டரின் சொந்தக்காரர் பழைய கொம்பியூட்டரின் கணக்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் விண்டோஸ் பார்ப்பது உள்ளே இருக்கும் அடையாள இலக்கத்தை. அது கொம்பியூட்டருக்குக் கொம்பியூட்டர் வேறு. 'கன்டினியூ' அழுத்தினால் உங்களுக்கு அனுமதி எழுதப்படும். அதற்கும் மறுத்தால் 'ப்ரொப்பர்டீஸ்', 'செக்கியூரிட்டி', 'அட்வான்ஸ்ட்' போய் 'ஓனர்' பெயரை மாற்றி, உள்ளிருக்கும் போல்டர்களுக்கும் சேர்த்து மாற்றும் கட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள். முழு டிஸ்க்குக்கும் செய்யாதீர்கள், உங்கள் பெயருள்ள போல்டர் போதும். விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதியான பிட்லொக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் எந்த அட்மினாலும் முடியாது. 48 இலக்கத் திறப்பு எண் வேண்டும், பல வேளை அது பழைய மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் இவற்றில் எதையும் செய்யாமல் உடனே கழற்றுங்கள். அனுமதி மாற்றும்போது ஒவ்வொரு பைலுக்கும் டிஸ்க்கில் புதிதாக எழுதப்படுகிறது. நனைந்த டிஸ்க்குக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. தரவு மீட்பவரிடம் கொடுத்து முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் அனுமதியை மாற்றுங்கள்.