எலிக்காரம்மா பதில்கள்

ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்கான விலங்குகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் 22 வருஷம் கூண்டு கழுவி, தீனி வைத்து, எலிகளுக்குப் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் தெருவில் என் பெயரே எலிக்காரம்மாதான். வீட்டில் வளர்க்கும் வெள்ளை எலி பற்றிப் போன இதழில் அரைப்பக்கம் எழுதினேன், ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பாதிப்பேர் குட்டி போட்ட பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

பையன் ஆசைப்பட்டான் என்று சந்தையில் இரண்டு வெள்ளை எலி வாங்கினோம். இரண்டும் ஆண் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நேற்று ஒன்று 11 குட்டி போட்டது. சாயங்காலத்துக்குள் ஒன்றைத் தாயே தின்றுவிட்டது. பையன் அழுகிறான். என்ன செய்வது?
*வாசகி, கும்பகோணம்*

உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன் அம்மா. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, அந்த இன்னொரு எலியை வேறு கூண்டுக்கு மாற்றுவது. குட்டி போட்ட ஒரு நாளுக்குள் தாய் எலி மறுபடி பருவத்துக்கு வரும், ஆண் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே சினை பிடித்துவிடும். சாதாரணமாக எலிக்குச் சினைக்காலம் 21 முதல் 23 நாள். பால் கொடுத்துக்கொண்டே சினைப்பட்டால் கரு ஒட்டுவது தள்ளிப்போய் இன்னும் ஒரு வாரம் போலக் கூடும். 23 நாள் ஆச்சு, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள், அப்புறம் ஒருநாள் காலையில் அடுத்த ஈத்து கிடக்கும்.

தின்றதைப் பற்றி. செத்துப் பிறந்த குட்டியையும் பிழைக்காத குட்டியையும் தாய் தின்றுவிடும். கூட்டில் பிணநாற்றம் வந்தால் மற்றதற்கு ஆபத்து என்று அதற்குத் தெரியும். பையனிடம் அதை அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். ஆனால் நல்ல குட்டியையும் சில தாய்கள் கடிக்கும். தண்ணீர் தீர்ந்திருக்கும், தலைக்கு மேல் டியூப்லைட் எரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஈத்துத் தாய்க்கு இது போதும். கூண்டின் மூன்று பக்கமும் பழைய வேட்டித் துணியால் மூடுங்கள். சிவப்புக் கண் எலிக்கு வெளிச்சம் கண்ணுக்கே கெடுதல். மூன்று நாளைக்குக் கூண்டு கழுவ வேண்டாம், தீனியும் தண்ணீரும் மட்டும் போதும். தாய் தீனிக்கு வெளியே வரும்போது கூட்டை ஒரு பார்வை பார்த்து, செத்தது ஏதாவது கிடந்தால் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் கூண்டுக்குள் இருக்கும் பேப்பர் துண்டில் கையை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பு வாசனையோடு கையை விட்டால் அதற்குப் பிடிக்காது.

மீதி 10 குட்டிக்குப் பால் போதுமா என்று போனில் கேட்டீர்கள். எலிக்குக் காம்பு 12. போதும்.

குட்டி பால் குடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடுத்துப் பார்த்தால் தாய் ஒதுக்கிவிடுமா?
*வாசகர், தேனி*

எனக்குப் பிடித்த கேள்வி. பிறந்த எலிக்குட்டி ஐந்தாறு கிராம் இருக்கும், நம் சுண்டுவிரலின் மேல் கணு அளவு. முடி கிடையாது, கண் மூடியிருக்கும், காதும் மடிந்து ஒட்டியிருக்கும். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே இருப்பது வெளியே தெரியும். பால் குடித்த குட்டியை மல்லாத்திப் பார்த்தால் வயிற்றின் இடதுபக்கம் விலாவுக்குக் கீழே வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். இரைப்பையில் இருக்கும் பால்தான் அது. வேலையில் சேர்ந்த முதல் வாரம் என் மேற்பார்வையாளர் ஒரு குட்டியை என் உள்ளங்கையில் வைத்து, “வெள்ளை இருக்கா?” என்றார். எனக்குச் சிவப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பிக் காட்டினார். அரிசிமணி அளவுக்கு இருந்தது. அன்றிலிருந்து காலையில் எந்தக் கூண்டைத் திறந்தாலும் கண் அங்கேதான் போகும்.

எல்லாக் குட்டிக்கும் பட்டை இருந்து ஒன்றுக்கு மட்டும் இல்லை என்றால் கூட்டின் நடுவில் சூடாக இருக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டுச் சாயங்காலம் பாருங்கள். எதற்குமே இல்லை என்றால் தாய்க்குத்தான் கோளாறு, மருத்துவரிடம் போக வேண்டும்.

தாய் உங்களுக்குப் பழகியதாக இருந்தால் ஒதுக்காது. நாலாம் நாளிலிருந்து தினம் ஐந்து நிமிஷம் குட்டியைக் கையில் எடுங்கள், பிற்பாடு மனிதரைக் கண்டு பயப்படாது. வளர்ச்சி கண்ணெதிரே நடக்கும். ஒரு வாரத்தில் மேலே பூனைமுடி, 12-ம் நாளுக்கு மேல் காது கேட்கும், 14-15-ம் நாளில் கண் திறக்கும். கண் திறந்த இரண்டு நாளில் அம்மாவின் தீனியைத் திருட ஆரம்பித்துவிடும்.

தாய் எலி செத்துவிட்டது. ஆறு நாள் குட்டிகள் ஏழு இருக்கின்றன. பசும்பால் கொடுக்கலாமா?
*கல்லூரி மாணவர், கோவை*

தம்பி, முதலில் இன்னொரு தாய் எலி கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஏறக்குறைய அதே வயதுக் குட்டி வைத்திருக்கும் தாய் உங்கள் குட்டியையும் ஏற்றுக்கொள்ளும், எலிக்கு இந்த விஷயத்தில் மனசு பெரிசு. அந்தக் கூட்டின் பேப்பர் துண்டுகளில் உங்கள் குட்டிகளைப் புரட்டியெடுத்து நடுவில் விட்டால் போதும். நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

கிடைக்கவில்லை என்றால் உங்கள் தூக்கம் போகும். பசும்பால் வேண்டாம். எலிப்பால் அதைவிடப் பலமடங்கு கெட்டி, கொழுப்பு அதிகம். பூனைக்குட்டிக்கு என்று விற்கும் பால் பவுடரை வெதுவெதுப்பாகக் கரைத்துக் கொடுக்கலாம். சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷில் தொட்டு உதட்டோரம் வைத்தால் நக்கும். குட்டியை மல்லாத்திக் கொடுக்கக் கூடாது, குப்புறப் படுத்த வாக்கில் தலையைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தித் துடையுங்கள், நுரையீரலுக்குள் போனால் பிழைக்காது. இரவு பகல் பார்க்காமல் இரண்டு மணிக்கு ஒரு தடவை.

இரண்டு விஷயம் பலரும் மறந்துவிடுகிறார்கள். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது, முதலில் சூடு. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை டப்பாவின் ஒரு பக்கமாக வையுங்கள், அதிகமாகச் சுட்டால் குட்டி நகர்ந்துகொள்ள இன்னொரு பக்கம் காலியாக இருக்கட்டும். அடுத்தது, குட்டிக்குத் தானாக ஒன்றுக்கு இரண்டுக்குப் போகத் தெரியாது. தாய்தான் நக்கிப் போகவைக்கும். நனைத்த பஞ்சால் அடிவயிற்றை மெல்லத் தடவி அதை நீங்கள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வயிறு உப்பிச் செத்துவிடும்.

இவ்வளவு செய்தும் ஏழில் நாலைந்து போகலாம். அனிமல் ஹவுஸில் எங்களுக்கும் போயிருக்கிறது.

ஆண் பெண் எப்படிப் பார்ப்பது?
*வாசகர், கரூர்*

சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளி பெண்ணைப்போல ஆணுக்குச் சுமார் இரண்டு மடங்கு இருக்கும். தனியாக ஒன்றைப் பார்த்தால் குழம்பும், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இன்னும் சுலபமான வழி, 9-10-ம் நாள் வயிற்றைப் பார்ப்பது. பெண்ணுக்குக் காம்புகள் இரண்டு வரிசையாகப் புள்ளி வைத்ததுபோலத் தெரியும். அந்த இரண்டு மூன்று நாளை விட்டால் முடி மூடிவிடும். பெண் எலி ஐந்தாவது வாரத்திலேயே சினைப்படக் கூடியது, அம்மா அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. ஆண் குட்டிகளை 30 நாளைத் தாண்டி நான் உள்ளே விடமாட்டேன்.

இதை எழுதுகிற எனக்கே சறுக்கியிருக்கிறது. ஓய்வுபெற்ற வருஷம் வீட்டில் ஒரு ஈத்து எடுத்தேன், 9 குட்டி. கண்ணாடி மாற்ற வேண்டிய நேரம், மாற்றவில்லை. ஓர் ஆணைப் பெண்ணோடு விட்டுவிட்டேன். தாயும் இரண்டு மகள்களும் ஒரே வாரத்தில் குட்டி போட்டார்கள். 11, 8, 12. புழக்கடையில் பிளாஸ்டிக் டப்பாவாக அடுக்கினேன். வாங்கிக்கொள்வதாகச் சொன்னவர்கள் யாரும் போனை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தினம் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு “இன்னிக்கு எத்தனை?” என்று மட்டும் கேட்பார். எல்லாவற்றுக்கும் வீடு பார்த்து முடிக்க ஐந்து மாசம் ஆயிற்று.

குட்டி விற்று லாபம் பார்க்கலாமா?
*வாசகர், ஈரோடு*

மேலே உள்ள பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

வெயில் காலத்தில் கூண்டுக்கு நேராக ஃபேன் வைக்கலாமா?
*வாசகி, வேலூர்*

எலிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வாலில்தான் வெளியே விடும். 30 டிகிரிக்கு மேலே போனாலே திணற ஆரம்பிக்கும், உங்கள் ஊர் மே மாதத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனால் கூட்டில் பச்சைக் குட்டி இருந்தால் கணக்கு தலைகீழ். தாய்க்குக் குளிர்ச்சி வேண்டும், குட்டிக்குச் சூடு வேண்டும். முடியில்லாத குட்டி நேராக அடிக்கும் காற்றில் விறைத்துவிடும்.

நான் செய்வது இதுதான். ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்து, அதில் மை இல்லாத பேப்பரைக் கிழித்துப் போட்டுக் கூடு. பஞ்சும் நூலும் போட வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி அறுத்துவிடும். கூண்டின் மறுகோடியில் தண்ணீரில் ஊறவைத்த ஓட்டுத் துண்டு ஒன்று. தாய் பால் கொடுத்து முடித்ததும் நேராக ஓட்டின் மேல் வந்து, வயிறும் வாலும் படிய நீட்டிப் படுத்துக்கொள்ளும். கால்மணி நேரம் கழித்து மறுபடி சட்டிக்குள் போகும். ஃபேன் சுவரைப் பார்த்து ஓடட்டும். தண்ணீர் பாட்டிலை இரண்டாக்குங்கள். பால் கொடுக்கும் தாய் மற்ற நாளைப்போல இரண்டு மூன்று பங்கு தின்னும், குடிக்கும். கம்பு, ராகி, வேகவைத்த பாசிப்பயறு, அவித்த முட்டையில் பாதி கொடுங்கள்.

எலி கண்ணில் ரத்தம் வடிகிறது!
*வாசகர், நாகர்கோவில்*

ரத்தமில்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுரப்பியின் நீருக்கு நிறமே அப்படி. எலி பயந்தாலோ நோய்ப்பட்டாலோ அதிகம் வடியும். கூடவே மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டால் நுரையீரல் நோய், மருத்துவரிடம் காட்டுங்கள். கூண்டில் மூத்திர நெடி மூக்கில் ஏறினாலே அந்த நோய் முற்றும். தச்சுப்பட்டறை மரத்தூளும் போடாதீர்கள், தூசியும் அதன் வாசனையும் ஆகாது.

மாமியார் எலிக்காய்ச்சல் வரும் என்கிறார். வருமா?
*வாசகி, தஞ்சாவூர்*

மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் வரும். சாக்கடை எலியிடம்தான் அது அதிகம், ஆனால் அது வந்து உங்கள் கூண்டின் மேல் ஏறிப் போனால் வீட்டு எலிக்கும் தொற்றலாம். கூண்டைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள், தீனியை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். கழுவும்போது கையில் புண் இருந்தால் கையுறை போடுங்கள். எலி கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் எலி வளர்ப்பதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சமையலறையில் கூண்டு வைக்கக் கூடாது என்று மாமியார் சொன்னால் அதையும் கேளுங்கள்.

வெள்ளை எலி முதலில் எங்கிருந்து வந்தது?
*ஏழாம் வகுப்பு மாணவி, மதுரை*

நல்லா கேட்டே கண்ணு. சாக்கடையில் ஓடுகிற பழுப்பு எலியின் வம்சம்தான் இதுவும். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எலி பிடிப்பவர்கள் வலையில் விழும் வெள்ளை, புள்ளி போட்ட எலிகளைக் கொல்லாமல் தனியாக வைத்து இனம் பெருக்கினார்கள். லண்டனில் ஜாக் பிளாக் என்று ஒருவர், விக்டோரியா மகாராணியின் எலிபிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர், அப்படி வளர்த்து விற்றிருக்கிறார். 1901-ல் ஐல்ஸ்பரி என்ற ஊரில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி தன் எலியைப் போட்டிக்கே கொண்டுபோனார். நான் வேலை பார்த்த இடத்தில் இருந்தவை விஸ்டார் எலிகள், அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள விஸ்டார் நிலையத்தில் உருவாக்கிய வம்சம்.

இப்போது உங்களிடம் எத்தனை எலி?
*வாசகர், திண்டுக்கல்*

நாலு. நாலும் பெண். புதுக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.