வயர்லெஸ் வூஃபர் லைட் மினுக்கிட்டே இருக்கா? கேள்வி பதில்

சவுண்ட்பாரோட வர்ற, டும்டும்னு அடி சத்தத்த (பேஸ்) மட்டும் குடுக்கற வயர்லெஸ் சப்வூஃபர் பெட்டி பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கண்டு சொல்லியிருந்தேன், நெறையா வந்துருச்சு. மதுரைக்குள்ளயும் சுத்துப்பட்டுலயும் டிவி, ஹோம் தியேட்டர் மாட்டிக் குடுக்கறதுதான் நம்ம தொழில், அதுல பாத்தத வச்சு சொல்றேன். ஒரே மாதிரி கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி (வில்லாபுரம்): அண்ணே, புதுசா சவுண்ட்பார் வாங்கியிருக்கேன், போன்ல ப்ளூடூத் போட்டு தேடுனா பாரு பேரு மட்டும் வருது, வூஃபர் பேரு வரவே இல்ல. வூஃபர் பின்னாடி லைட்டு மினுக்கிட்டே கெடக்கு. பீஸே கோளாறா? கடைல திருப்பிக் குடுத்துறலாமா?

பதில்: கொஞ்சம் பொறு தம்பி, திருப்பிக் குடுக்க அவசரம் இல்ல. வூஃபர் உன் போன்ல தெரியவே தெரியாது, அது போனோட பேசற ஐட்டமே இல்ல. அது பேசறது அந்த சவுண்ட்பாரோட மட்டும். 2.4 இல்லாட்டி 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அந்த கம்பெனிக்காரன் வச்சிருக்கற தனி லிங்க்குல ரெண்டும் பேசிக்கும், போன்லருந்து பாட்டு பாருக்கு வரும், பாரு அதுல அடி சத்தத்த மட்டும் பிரிச்சு வூஃபருக்கு அனுப்பும், அவ்வளவுதான் கதை.

பேக்டரியிலயே ரெண்டையும் ஜோடி சேத்துத்தான் அனுப்புவான், அதனால பிளக்க சொருகுனா தானா சேரணும். லைட்டு மினுக்குதுன்னா இன்னும் பாரை தேடிட்டு இருக்குண்டு அர்த்தம், நிலையா எரிஞ்சா சேந்துருச்சு. சாம்சங்ல சேந்தா நீலம், எல்ஜில பச்சை, மத்ததுக்கு கூட வர்ற புக்குல போட்டிருப்பான். சிவப்பு பெரும்பாலும் ஸ்டாண்ட்பை. லைட்டே எரியலைன்னா மொதல்ல பவர் கார்ட பாரு, எட்டு மாதிரி வாய் இருக்குற அந்த ஒயரு பாதி சொருகுனாலே உள்ள போன மாதிரி நிக்கும், ஆனா கரண்ட் ஏறாது. இதுக்காகவே என்னைய ஒத்தக்கடை வரைக்கும் வண்டிய எடுத்துட்டு வரச்சொன்னவங்க உண்டு.

சேரலைன்னா இப்படி பண்ணு. ரெண்டையும் ரிமோட்ல இல்ல, சுவிட்ச்லயே ஆஃப் பண்ணிட்டு ஒரு நிமிஷம் விடு. வூஃபர பாருக்கு பக்கத்துல கொண்டாந்து வச்சு, மொதல்ல வூஃபருக்கு கரண்ட் குடு, அப்புறம் பாரை போடு, அர நிமிஷம் காத்திரு. நூத்துல பாதிப் பேருக்கு மேல இதுலயே முடிஞ்சிரும். அப்பவும் மினுக்குச்சுன்னா கையால ஜோடி சேக்கணும். வூஃபர் முதுகுல பேரிங், லிங்க், ஐடி செட் இப்படி ஏதாச்சும் ஒரு பேர்ல பட்டன் இருக்கும். சாம்சங்ல பேனா முனையால அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிக்கணும், எல்ஜில பாரை ஆஃப்ல வச்சுட்டு பட்டன அமுக்கி, லைட்டு வேகமா மினுக்கறப்போ பாரை ஆன் பண்ணணும். சாம்சங்ல பார் பக்கமும் ரிமோட்ல ஒரு பட்டன பிடிக்கணும், எந்த பட்டன்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும், அத மட்டும் புக்குல பாத்துக்க. இவ்வளவும் செஞ்சு சேரலைன்னா அப்ப கடைக்கு தூக்கிட்டுப் போ.

கேள்வி (அண்ணா நகர்): அண்ணா, எங்களுக்கு லைட்டு நிலையா எரியுது, ஆனா வூஃபர்ல சத்தமே வரல. பாக்ஸ் மேல கை வச்சா கூட அதிரல. சர்வீஸ் சென்டர்ல போர்டு போயிருக்கும்ங்கறாங்க.

பதில்: அக்கா, போர்டுக்கு காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், என்ன போட்டு பாத்தீங்க? நெறைய வீட்ல நியூஸ் சேனல ஓடவிட்டு வூஃபர் வேலை செய்யலைன்னு சொல்றாங்க. நியூஸ் வாசிக்கற குரல்ல வூஃபருக்கு வேலையே கெடையாது. நல்லா அடி இருக்குற குத்துப்பாட்டு ஒண்ண போனுல இருந்து ப்ளூடூத்ல போடுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வூஃபர் அதிரணும், கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிப் போற மாடலும் இருக்கு, பாட்டு வந்தாத்தான் முழிக்கும்.

போன்லருந்து வருது டிவிலருந்து வரலைன்னா குத்தம் டிவி பக்கம். டிவி செட்டிங்ல சவுண்ட் அவுட்புட் இன்னும் டிவி ஸ்பீக்கர்லயே இருக்கும், சத்தம் டிவிலருந்தே வந்துட்டு இருக்கும், பாரு சும்மா அலங்காரத்துக்கு ஒக்காந்திருக்கும். எச்டிஎம்ஐ கேபிள டிவில ஏஆர்சினு எழுதுன ஓட்டைல சொருகணும், அது வழியாத்தான் டிவி சத்தம் பாருக்கு போகும், மூணு ஓட்டை இருந்தா ஒண்ணுலதான் அது இருக்கும். பார்லயும் அதே மாதிரி. இந்த ஏஆர்சி 2009ல எச்டிஎம்ஐ 1.4ஓட வந்தது, அதனால ரொம்ப பழைய டிவியா இருந்தா இருக்காது, அப்ப ஆப்டிகல் கேபிள் போட்டுக்கங்க, வூஃபருக்கு அதுவே போதும். அப்புறம் டிவியும் பாரும் ஒண்ணுக்கொண்ணு கட்டளை அனுப்பிக்கற சிஇசினு ஒண்ண ஆன் பண்ணணும், அத அந்த பேர்ல எவனும் வைக்க மாட்டான், சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜில சிம்ப்லிங்க், சோனில பிராவியா சிங்க். ஏன் ஆளுக்கொரு பேரு வச்சு சனங்கள கொல்றாங்கண்டு எனக்கு புரியல.

டால்பி வந்தாத்தான் வூஃபர் ஓடும்னு ஒரு பேச்சு இருக்கு, அது தப்பு. 5.1னு சொல்ற சரவுண்ட் சத்தத்துல அந்த புள்ளி ஒண்ணு வூஃபருக்குன்னே தனியா வர்ற சத்தம், நெசந்தான், ஆனா வெறும் ஸ்டீரியோ வந்தாலும் பாரு தானே அடி சத்தத்த பிரிச்சு அனுப்பும். அதுவும் சரியா இருந்து வரலைன்னா ரிமோட்ல வூஃபர் லெவல் மைனஸ்ல கெடக்கான்னு பாருங்க, அடிய கொறைக்கற நைட் மோட் ஆன்ல இருக்கான்னும் பாருங்க. பிள்ளைங்க ரிமோட்ட அமுக்கி வச்சிருக்கும்.

கேள்வி (மேலூர்): பழைய சவுண்ட்பார் ஒரு கம்பெனி, நண்பன்கிட்ட வேற கம்பெனி வயர்லெஸ் வூஃபர் மட்டும் சும்மா கெடக்கு. சேக்க முடியுமாண்ணே?

பதில்: முடியாது. அதே கம்பெனியா இருந்தாலே மாடல் பொருந்தணும், வேற கம்பெனின்னா பேச்சே இல்ல. யூட்யூப்ல ஏதாச்சும் காட்டுனாலும் நம்பாதீங்க. தனியா வூஃபர் வாங்கிப் போடற மாதிரி சில பார் இருக்கு, சோனில எஸ்ஏ எஸ்டபிள்யூ3, எஸ்டபிள்யூ5 ரெண்டும் எச்டி ஏ7000 மாதிரி குறிப்பிட்ட பாருக்கு மட்டும் சேரும், போஸ்ல பேஸ் மாட்யூல்னு விக்கறான், அதுவும் அவன் பாருக்குத்தான். ஒரே ஒரு வழி, உங்க பார் முதுகுல சப் அவுட்னு எழுதி, ஒத்தப் பின் சொருகற உருண்டை ஓட்டை (ஆர்சிஏ) ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இருந்தா ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்குற எந்த வூஃபரையும் ஒயர் போட்டு ஓட்டலாம், ஒயர் வேணாம்னா ஆர்சிஏ வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் ரிசீவர் ஜோடி தனியா விக்குது. நண்பனோட வூஃபர்ல லைன் இன்னுங்கற ஒயர் சொருகற ஓட்டை இல்லாட்டி அதுவும் ஆகாது.

கேள்வி (திருமங்கலம்): தம்பி, எனக்கு வயசு ஆச்சு, ஒவ்வொரு தடவ கரண்ட் போயி வந்ததும் வூஃபர் பெட்டி கட் ஆயிருது, திரும்ப அந்த பட்டன குனிஞ்சு அமுக்க வேண்டியிருக்கு. மாசம் ஒருநா ஷட் டவுன், அது போக இடைல வேற போகுது.

பதில்: ஐயா, டிவியும் பாரும் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கும், வூஃபர் தள்ளி இருக்குறதால வேற பிளக்குல மாட்டியிருப்பாங்க, அது இன்வெர்ட்டர் லைன் இல்ல. சரியா? கரண்ட் போனா பாரு ஓடிட்டே இருக்கும், வூஃபர் மட்டும் செத்துரும், திரும்ப கரண்ட் வந்ததும் வூஃபர் தேடும். சில பாரு ஆன் ஆகறப்போ மட்டுந்தான் வூஃபர தேடும், இடைல தேடாது. அதனால நீங்க குனியவே வேணாம், பாரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போதும், ஜோடி மறந்துபோறதில்ல. இன்னும் நல்லது ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடறது.

இன்வெர்ட்டர்ல போட்டதும் ஙொய்ங்ங்னு ஒரு இரைச்சல் வந்தா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும், சைன் வேவ்ல அது வராது. அப்புறம் வூஃபர் இன்வெர்ட்டர் லைன்ல இல்லாட்டி, கரண்ட் போனதும் அதோட சுவிட்ச அணைச்சிருங்க ஐயா, திரும்ப வர்ற நேரத்துல வோல்ட்டேஜ் மேல கீழ ஆடும், போர்டு போறது பெரும்பாலும் அந்த நேரத்துலதான்.

கேள்வி (கே.கே. நகர்): சாயங்காலம் ஆனா வூஃபர் விட்டு விட்டு வருது, காலைல நல்லா இருக்கு. ஏன்ணே?

பதில்: சாயங்காலந்தான் அபார்ட்மெண்ட்ல எல்லா வீட்டு வைஃபையும் முழுசா ஓடும், உங்க வூஃபர் 2.4ல ஓடற மாடலா இருந்தா அதே ரோட்டுலதான் அதுவும் போகணும். ரவுட்டர் எங்க வச்சிருக்கீங்க? டிவி ஸ்டாண்டுல பாருக்கு ஒட்டியே வச்சிருப்பீங்க, மொதல்ல அத ஒரு மீட்டராச்சும் அங்கிட்டு தள்ளுங்க. டிவிக்கும் லேப்டாப்புக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைய குடுங்க, வூஃபர் 5ல ஓடுதுன்னா அப்படியே மாத்தி. மைக்ரோவேவ் ஓடறப்போ மட்டும் கட் ஆகுதுன்னா வேற காரணம் தேட வேணாம், அதுவும் 2.45லதான் வேலை செய்யுது. பாருக்கும் வூஃபருக்கும் நடுவுல இரும்பு பீரோ, மீன் தொட்டி இருந்தாலும் சிக்னல் சாகும்.

கேள்வி (செல்லூர்): வூஃபர எந்த எடத்துல வைக்கணும்? மூலைல வச்சேன், கெணத்துக்குள்ள மேளம் அடிக்கற மாதிரி இருக்கு, பக்கத்து வீட்டுக்காரவுக செவுரு ஒட்டு செவுரு, நேத்து வந்து சண்ட. ஹால் பத்துக்குப் பன்னெண்டு.

பதில்: இதுதான் நான் எதிர்பாத்த கேள்வி. வயர்லெஸ் வாங்குறதோட லாபமே எடத்த மாத்தி வச்சுப் பாக்கலாம்ங்கறதுதான், ஆனா எல்லாரும் பிளக் எங்க இருக்கோ அங்க வச்சுட்டு போயிர்றாங்க.

நம்ம ஊரு வீடு செங்கல் செவுரு, காங்கிரீட் தளம், கீழ டைல்ஸ். அடி சத்தத்த இதுல எதுவும் உறிஞ்சாது, திருப்பித் திருப்பி அடிக்கும். பன்னெண்டு அடி நீள ரூம்னா 47 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 47 தடவ அதிர்றது) பக்கம் ஒரு சத்தம் செவுத்துக்கு செவுரு சரியா பொருந்தி ஏறி நிக்கும், பத்து அடி அகலத்துக்கு 56 பக்கம், தளமும் பத்து அடி ஒசரத்துல இருந்தா அதே 56 ரெண்டு மடங்கா சேரும். வூஃபரோட முக்கிய வேலையே இந்த எடத்துலதான், அதனாலதான் சில அடி மட்டும் டொம்ம்னு வீங்குது, சில அடி காணாமப் போகுது. மூலைல வச்சா இது எல்லாம் ஒட்டுக்கா கிளம்பும். கடைல கேட்டப்போ நல்லா இருந்துச்சே, வீட்டுக்கு வந்தா இப்படி ஆயிருச்சேனு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான், கடை ரூம் வேற உங்க ரூம் வேற.

எடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பாக்கறவங்க சிரிப்பாங்க, பரவால்ல. நீங்க ஒக்காந்து படம் பாக்கற எடத்துல, சோபாவ நகட்டிட்டு வூஃபர வைங்க. அடி ஒரே மாதிரி ஏறி எறங்கற பாட்டு ஒண்ண திரும்பத் திரும்ப ஓட விட்டுட்டு, காத தரைக்குப் பக்கத்துல வச்சு செவுரு ஓரமா தவழ்ந்து போங்க. எந்த எடத்துல அடி தனித்தனியா தெளிவா, வீங்காம கேக்குதோ அங்கதான் வூஃபர வைக்கணும். பெரும்பாலும் மூலைல இருந்து ரெண்டு மூணு அடி தள்ளி, டிவி இருக்குற செவுத்துலயே வரும். 80 ஹெர்ட்ஸுக்கு கீழ சத்தம் எங்கருந்து வருதுன்னு காதுக்கு தெசை தெரியாது, அதனால பக்கவாட்டுல இருந்தாலும் ஒறுத்தாது. ஆனா சின்ன பார்ல வூஃபருக்கு 120, 150 வரைக்கும் கூட அனுப்புவான், அந்த மாதிரி செட்ட முதுகுக்குப் பின்னாடி வச்சா ஆம்பளக் குரல் பின்னாடி இருந்து வரும்.

ஷோகேஸுக்குள்ள, கட்டிலுக்கு அடில வேணவே வேணாம். பின்னாடி காத்து போற ஓட்டை உள்ள மாடல்னா செவுத்துல இருந்து ஒரு சாண் விடுங்க. பக்கத்து வீட்டுக்கு போற அதிர்வு பாதி தரை வழியாவும் போகும், கனமான ரப்பர் மேட் போட்டா ஷோகேஸ் கிளாஸ் கடகடங்கறது குறையும், காத்து வழி போற சத்தம் அதால குறையாது, அதுக்கு லெவல கொறைக்கறது ஒண்ணுதான் வழி. பொதுச் செவுத்த விட்டு எதிர்ப்பக்கம் நகட்டுங்க. என்னக் கேட்டா பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்கு வூஃபர் லெவல் மைனஸ் ரெண்டே தாராளம். சித்திரைத் திருவிழாவுக்கு தெருவே அதிர்றப்போ சகிச்சுக்கறவுகதான், ஆனா அது சாமி காரியம், இது நம்ம காரியம்.

கேள்வி (வாடிப்பட்டி): பாரு கீழ ஹால்ல, வூஃபர் மாடி ரூம்ல வைக்கலாமா? லைட்டு சேருது.

பதில்: லைட்டு சேரும், சேந்து என்ன பிரயோஜனம், கீழ படம் ஓடும் மாடில அடி மட்டும் கேக்கும். கம்பெனிக்காரன் பத்து மீட்டர்னு சொல்றது நடுவுல செவுரு இல்லாத கணக்கு. ஒரே ரூம்லயே வைங்க.

கேள்வி (உசிலம்பட்டி): ரிமோட் தொலஞ்சிருச்சுண்ணே, பார் மேல இருக்குற பட்டன்ல சவுண்ட் மட்டுந்தான் கூடுது, வூஃபர கூட்ட வழியே இல்ல.

பதில்: டிவி ரிமோட்ல சிஇசி வழியா வால்யூம் மட்டுந்தான் போகும், வூஃபர் லெவல் போகாது. கம்பெனி ஆப் சப்போர்ட் பண்ற பாரா இருந்தா போன்லயே மாத்திரலாம், மொதல்ல அத பாருங்க. இல்லாட்டி டவுன்ஹால் ரோடு பக்கம் ரிமோட் விக்கற கடைல கேளுங்க. பார் பேர மட்டும் சொன்னா வேற எதையாவது தூக்கிக் குடுத்துருவாங்க, பாருக்கு அடியில ஸ்டிக்கர்ல முழு மாடல் நம்பர் இருக்கும், அத போட்டோ எடுத்துட்டுப் போங்க.