மெதுவாக எடை குறைத்தால் இதயத்துக்குப் பலன் கிடைக்குமா?

கண்டிப்பாகக் கிடைக்கும். 46 வயது, 88 கிலோ, உட்கார்ந்தே பார்க்கிற வேலை, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூன்று மாதத்தில் 20 கிலோ குறைக்கச் சொல்கிறார் நண்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அவசரம் வேண்டாம் சார். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். எடையில் 5 சதவீதம், உங்களுக்குச் சுமார் நாலரைக் கிலோ, போனாலே பி.பி., சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்கும். பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

முக்கியமாக ஒன்று: உடற்பயிற்சியின் பலன் எடை மெஷினில் தெரிவதற்கு முன்பே உடம்புக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை நடக்க வைத்து, சாப்பாட்டை மாற்றினார்கள். நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை! அதற்கும் முன்னால், 1953ல் லண்டனில் ஜெரமி மோரிஸ் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. எடை அசையவில்லை என்று மனசு விட்டு நடையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நான் கோவை ரேஸ் கோர்ஸில் காலையில் நடப்பவன். ஆரம்பத்தில் எனக்கும் எடை அப்படியேதான் நின்றது. ஆனால் எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பார்ப்பேன். 82ல் இருந்தது மெல்ல மெல்ல 72க்கு வந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நீங்களும் நாடியையும் இடுப்புச் சுற்றளவையும் குறித்து வையுங்கள். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் கணக்கு. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை மெல்லக் கூட்டுங்கள். அப்புறம் வாரத்தில் இரண்டு நாளாவது நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்து, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுத்துத் தசைக்கும் வேலை கொடுங்கள்.

சோற்றை விட வேண்டியதில்லை. தட்டில் பாதியைப் பொரியலும் கீரையும் எடுத்துக்கொள்ளட்டும், கால்வாசியைப் பருப்போ முட்டையோ மீனோ, மிச்சத்தில் சோறு. இரண்டாம் முறை சோறு வாங்குகிற பழக்கத்தை விட்டாலே வித்தியாசம் தெரியும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதில் அடக்கம். நடந்து முடித்ததும் கடையில் வடை சாப்பிடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அரை மணி நடையில் கரைவதை இரண்டு மெதுவடை திருப்பிக் கொண்டுவந்துவிடும்.

தொடங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். இரண்டு மாடிக்கே மூச்சு வாங்குவது எடையால் மட்டும்தான் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. இ.சி.ஜி.யோடு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுவது நல்லது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே நின்று 108க்குப் போன் செய்யுங்கள். பி.பி., சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால், எடை இறங்க இறங்கத் தலைசுற்றலோ படபடப்போ வரலாம். அப்போது மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார்.