52 வயதில் முதல் பச்சை: குத்தலாமா, விடலாமா?

அம்மாவுக்காக இந்த வயதில் முதன்முதலாகப் பச்சை குத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குத்தலாம். வயது தடையில்லை, இரத்தத்தில் சீனி கட்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசை எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் கிளினிக் கொப்பியோடு போய் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே நாள் குறியுங்கள். சீனி கூடியிருந்தால் புண் ஆறச் சுணங்கும், கிருமியும் லேசாகத் தொற்றும்.

ஆறு மாதமாக இழுபடுகிறது என்கிறீர்களே, எனக்கென்னவோ அது ஊசிப் பயமாகத் தெரியவில்லை. அம்மாவின் பெயரா, அவர் வளர்த்த செவ்வரத்தம்பூவா என்று நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை. ஊர் சிரிக்கும் என்பதை விடுங்கள், நம் அம்மம்மாமார் கையில் பச்சை இருக்கவில்லையா?

எது வேண்டுமென்று முடிவெடுக்க, குத்துமுன் மருதோன்றியில் போட்டுப் பாருங்கள். கல்யாண வீட்டுக்கு மருதோன்றி போடுகிறவர்கள் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் இருப்பார்கள். முதலில் பெயர், அது அழிந்தபின் பூ, இரண்டையும் அதே இடத்தில் அதே அளவில் போட்டு, சமைக்கும்போதும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் எது கண்ணை உறுத்தவில்லை என்று பாருங்கள். கறுப்பு மருதோன்றி மட்டும் வேண்டாம், அதில் கலக்கிற தலைமுடிச் சாயம் சிலருக்குத் தோலைக் கொப்பளிக்க வைக்கும்.

பெயர்தான் என்றால் எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். மை வருடக்கணக்கில் மெல்லப் பரவும், சின்ன ‘ண’ என்றால் சுழியெல்லாம் அடைபட்டுப் போகும். ஊசியை உங்கள் கண்முன்னே உறை பிரிக்க வேண்டும்.

அப்புறம், ஆறும்வரை இரண்டு மூன்று கிழமை மட்டக்களப்பில் கல்லடிக் கடலிலும் வாவியிலும் இறங்கக் கூடாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் குளத்தில் தீர்த்தமாடுகிற ஆள் என்றால் அது முடிந்து குத்துங்கள்.